முதல் பெஞ்சை வேவு பார்த்த குருவி

தம்பி, அந்த நீளப் பையில இருக்கது கேமரா வைக்கிற மூணு கால் ஸ்டாண்டுதானே? நெனச்சேன். ஏறும்போதே பாத்துட்டேன். வழியில வைக்காதீங்க, காலுக்கு நடுவுல வச்சிக்கிடுங்க, எவனாவது தட்டி விழுந்தா கண்டக்டர் உங்களத்தான் ஏசுவான். நானும் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன்தான். பேரு ஞானாபரணம். ஊரு பாக்கியபுரம், இப்ப ஏறினேன்லா, அதான். பாளையங்கோட்டைல டாக்டரப் பாக்கணும். எனக்கு இல்ல, வீட்டம்மாவுக்கு. நீங்க? கல்யாண வேலையா? ஓ, மீட்டிங்கா. மீட்டிங்க லைவ்ல போடுதீங்களா. ஸ்லைடு பெருசா ஒரு பக்கம், பேசுத ஆளு சின்னதா ஒரு பக்கம். தெரியும் தம்பி, தெரியும். எனக்குத் தெரியாத லைவா!

ஒண்ணு கேக்கட்டா? லைவ் பாக்கவன் ஒருத்தன் பொய்ப்பேரு வச்சிக்கிட்டுப் பாத்தா, அவன் யாருன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா? கஷ்டமா? சரி, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. வண்டி போய்ச் சேர நேரம் கெடக்கு.

எங்க ஊருக் கோயில்ல நான் கமிட்டி மெம்பர். கோயில்னா சர்ச்சு. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். பாதிரியார ஐயர்னு சொல்லுவோம். வெளியூர்க்காரங்க கேட்டா குழம்பிப் போவாங்க, அதனால முதல்லயே சொல்லிட்டேன். ஆம்பளைங்க பக்கம் முதல் பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழ, அதுதான் என் எடம். எழுதி வைக்கல. ஆனா வேற எவனும் உக்கார மாட்டான்.

அந்தக் கோயிலுக்கு லைவ் கொண்டாந்தது பெனிட்டான்னு ஒரு பொண்ணு. ஜெபமணி வாத்தியார் மக. கம்ப்யூட்டர் படிச்சிட்டு வீட்டுல இருந்தே வேலை பாக்கா. வாத்தியாருக்கும் எனக்கும் கமிட்டில ஆகாது, அது வேற கதை. ஆகாதுன்னா ஆகாது, அவ்வளவுதான். அவரு மக ஒண்ணக் கொண்டாறான்னா, அது சும்மா இருக்குமா? நீங்களே சொல்லுங்க. அடுத்த வருஷம் கமிட்டி எலெக்‌ஷன் வேற.

ஐயர்ட்ட போயி என்ன சொல்லியிருக்கா தெரியுமா? "படுக்கைல கெடக்கவங்க, வயசானவங்க, வெளிநாட்டுல இருக்கவங்க எல்லாரும் வீட்டுல இருந்தே ஆராதனை பாக்கலாம் ஐயா. பாட்டு வரி, வசனம், பிரசங்கக் குறிப்பு எல்லாம் ஸ்லைடாப் போடுதேன், மூலைல உங்க வீடியோ வரும்"னு சொல்லியிருக்கா. ஐயருக்கு மூலைல தன் முகம் வரும்னு சொன்னதும் வாயெல்லாம் பல்லு. உடனே சரின்னுட்டாங்க.

படுக்கைல கெடக்கவங்கன்னா... எங்க வீட்டுலயும் ஒருத்தி கெடக்கா. எம்பொண்டாட்டி எப்சிபா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால பொறவாசல் படியில வழுக்கி விழுந்தா, இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணியும் சரியாக் கூடல. தலையணை முட்டுக்குடுத்தா உக்காருவா, நடக்க மாட்டா. கல்யாணமாகி வந்த அன்னையில இருந்து பாடகர் குழுல ஆல்ட்டோ, அதான் பொம்பளைங்க கீழ்க்குரலு, பாடினவ. ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிச்சாப் போதும், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும். "ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, பொறத்தால இருந்து பாத்துட்டு வந்துருதேன்"ம்பா. எப்படிக் கூட்டிட்டுப் போக? சக்கர நாற்காலில வச்சுத் தள்ளிட்டுப் போயி, நாலு பேரு ஐயோ பாவம்னு சொல்லவா? என் பொண்டாட்டிய ஒருத்தன் பாவம் பாக்கப்படாது. நான் போயிட்டு வந்ததும் கேப்பா, "இன்னைக்கு என்ன பாட்டு? யாரு வந்தா? பிரசங்கம் எதப்பத்தி?" எல்லாம் எப்பவும் போலத்தான்னு சொல்லுவேன். அது நெசந்தானே? கோயில்ல புதுசா என்ன நடக்கும்?

சரி, லைவுக்கு வாறேன். ஒரு சனிக்கிழமை அந்தப் பொண்ணு சாமானெல்லாம் கொண்டாந்து எறக்குனா. நான் பக்கத்துலயே நின்னேன். பக்கத்துல நிக்காம விட்டா என்னத்த வேணும்னாலும் மாட்டிட்டுப் போயிருவாளே! பொம்பளைங்க பக்கத் தூணுகிட்ட மூணு கால் ஸ்டாண்டு, அதுமேல கேமரா. கேமராலருந்து ஒரு வயரு, நடுவுல தீப்பெட்டி அளவுல ஒரு பொட்டி, அதுலருந்து லேப்டாப்பு. லேப்டாப்புலருந்து இன்னொரு வயரு ப்ரொஜக்டருக்கு. மைக்செட்டு மிக்சர்லருந்து ஒரு வயரு. எல்லாத்தையும் தரையில பிரவுன் டேப்பு போட்டு ஒட்டுதா.

"அந்தச் சின்னப் பொட்டி என்னதும்மா?"ன்னு கேட்டேன்.

"அதுதான் அங்கிள் கேமராப் படத்த லேப்டாப்புக்குள்ள கொண்டுபோகும்."

"கொண்டுபோயி?"

"கொண்டுபோயி ஸ்லைடோட சேக்கணும். அப்புறம் லைவ்ல போகும்."

"அதுக்குள்ள ஒண்ணும் பதிவாகாதே?"

"ஆகாது அங்கிள்"னு சிரிக்கா. கேட்டா சிரிக்கவ எதையாவது மறைக்கான்னு அர்த்தம். முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான், இல்லன்னா சிரிப்பான். 

அப்புறம் அந்தக் கேமரா நின்ன எடத்தப் பாக்கணுமே. தூணுகிட்ட இருந்து பிரசங்கபீடத்தப் பாக்கு, சரி. ஆனா நேர்க்கோடு போட்டா நடுவுல என்ன வருது? ஆம்பளைங்க பக்கம் முதல் பெஞ்சு. யாரு எடம்? கோயிலுக்குள்ள இவ்வளவு எடம் கெடக்க, அங்கதான் வைக்கணுமா? கேட்டா, அங்கதான் பிளக் பாயிண்டு இருக்காம். அங்கிட்டு வச்சா ஜன்னல் வெளிச்சம் அடிக்குமாம். எதுக்கெடுத்தாலும் ஒரு பதிலு தயாரா வச்சிருந்தா. அதுதான் எனக்குப் புடிக்கல.

மொத ஞாயித்துக்கிழமை ஒரே கூத்து. ஐயர் வாயத் தொறந்து மூடினபொறவு சத்தம் வருதாம். மூணாம் பாட்டு பாடும்போது அறிவிப்பு ஸ்லைடு நிக்குது. நல்லா வேணும்னு நெனச்சேன். ஆனா அவ விடல. அடுத்த வாரமே சத்தத்தையும் படத்தையும் ஒண்ணாச் சேத்துட்டா. பாட்டு நேரத்துல கோயில் முழுசும் தெரியும், பிரசங்கம் வந்தா ஸ்லைடு பெருசாகி ஐயர் மூலைக்குப் போயிருவாரு. பாக்கதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது.

ஆராதனை முடிஞ்சதும் நேரா அவ பின்னால போயி நிப்பேன். எத்தனை பேரு பாத்தான்னு கேப்பேன். என் போன் பட்டன் போனு, அதுல இந்த எளவெல்லாம் வராது. எட்டுப் பேரு அங்கிள், ஒம்பது பேரு அங்கிள்ம்பா. யாரு யாருன்னு கேப்பேன். பேரு வரும். நான் தலைய எண்ணுவேன். பஸ்ஸுல அப்படித்தான், தலைய எண்ணி டிக்கெட்டோட சரிபாக்கணும். மஸ்கட்ல ரெண்டு பேரு, சென்னைல டேனியல் குடும்பம், கீழத்தெரு பாட்டியம்மா, வாத்தியாரோட தம்பி... எல்லாம் கணக்குல வந்துரும். ஒரே ஒரு ஆளு மட்டும் இடிச்சிச்சு.

பேரு என்ன தெரியுமா? "அடைக்கலான் குருவி". இது ஒரு பேரா? படம்னு ஒரு குருவி. வாராவாரம் முதல் ஆளா வந்துரும். இவ கேமராவ ஆன் பண்ணுததுக்கு முன்னாலயே அது வந்து காத்துக்கிட்டு இருக்குமாம். கடைசி ஆசீர்வாதம் முடிஞ்சாத்தான் போகும். டிக்கெட் இல்லாத ஆளு பஸ்ஸுல இப்படித்தான் வருவான், முதல்ல ஏறுவான், கடைசில எறங்குவான்.

பாத்துட்டு மட்டும் போனா பரவால்ல. எழுதவும் செய்யும். கீழ எழுத்து ஓடும்லா, அதுல. மொதல்ல யோக்கியமாத்தான் எழுதுச்சு. "ரெண்டாம் பாட்டுல மூணாம் சரணம் ஸ்லைடுல விட்டுப்போச்சு"ன்னு. பாத்தா, விட்டுத்தான் போச்சு. அடுத்த வாரம், "ஆல்ட்டோ கேக்கவே இல்ல, மைக்க இடதுபக்கம் தள்ளி வைம்மா". அவளும் தள்ளி வச்சிட்டா! நான் கேட்டேன், யாரோ எவனோ சொன்னா மைக்க நகட்டுவியான்னு. "சரியாத்தானே அங்கிள் சொல்லுதாங்க"ங்கா. எவனோ வெளிய இருந்துக்கிட்டு எங்க கோயில ஆட்டி வைக்கான், இவளும் ஆடுதா.

மூணாவது வாரம் எழுதினதுலதான் எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. "முதல் பெஞ்சுல கண்ணாடி போட்ட ஐயா பிரசங்கத்துல தூங்குறாங்க. பக்கத்துல இருக்கவங்க தட்டி எழுப்பவும்." தம்பி, நான் தூங்கல. கண்ண மூடித் தியானத்துல இருந்தேன். அத ஜெபமணி வாத்தியார் எல்லாருக்கும் போன்ல காட்டி, கோயில் வாசல்ல ஒரே சிரிப்பு. ஐயரே சிரிச்சாங்க. அன்னையிலருந்து எவனைப் பாத்தாலும் "என்ன கண்டக்டரே, தூக்கமெல்லாம் எப்படி?"

அப்பவே முடிவு பண்ணிட்டேன். இது என்னைக் குறி வச்சு நடக்குது. சோதிச்சுப் பாப்போம்னு அடுத்த வாரம் பீடத்துக்கு முன்னால இருந்த பூச்சாடிய எடுத்து கேமராவுக்கும் எனக்கும் நடுவுல வச்சேன். வச்சுட்டுத் தூணுக்குப் பின்னால போயி உக்காந்தேன். என்ன எழுதுது? "பூச்சாடிய யாரோ நகட்டிட்டாங்க. முதல் பெஞ்சு ஐயாவும் காணோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" பாத்தீங்களா! அக்கறை மாதிரி எழுதுது. ஒற்றன் அப்படித்தான் எழுதுவான்.

அதுக்கு அடுத்த வாரம் எழுதினதுல எனக்குப் பயமே வந்துட்டு. "அந்த நீலக்கோடு போட்ட சட்டைக்குக் காலர் பிஞ்சிருக்கு. வெள்ளைச் சட்டை பெட்டியில மடிச்சு இருக்குமே, அதப் போடலாம்ல"னு. தம்பி! என் வீட்டுப் பெட்டில வெள்ளைச் சட்டை இருக்கது அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போயி பெட்டியத் தொறந்தேன், இருக்கு, அடியில, மடிச்சு. எனக்கே மறந்து போன சட்டை. அப்ப வீட்டுக்குள்ள ஆளு வச்சிருக்கான்! யாரு? எப்சிபாவக் குளிப்பாட்ட செல்லக்கனின்னு ஒருத்தி வருவா. அவளப் புடிச்சு விசாரிச்சேன். அவ அழுதா, "நான் பெட்டியத் தொட்டதே இல்ல அண்ணாச்சி"ன்னு. நான் நம்பல. இன்னைக்கும் நம்பல.

எப்சிபாட்ட சொன்னேன். இப்படி எவனோ என்னைய வேவு பாக்கான், தூங்குதேங்கான், சட்டையப் பத்தி எழுதுதான்னு. அவ சிரிச்சா. சும்மா இல்ல, தலையணைல சாஞ்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, விக்கி விக்கிச் சிரிச்சா. விழுந்ததுலருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. "தூங்குனீங்களா இல்லையா?"ன்னு வேற கேக்கா. எனக்கு வந்த கோவத்துல சாப்பிடாம எந்திரிச்சுட்டேன். புருஷன ஊரே கேலி பண்ணுது, இவளுக்குச் சிரிப்பு.

ஆனா ஒண்ணு தம்பி, அந்த நேரத்துல அவ உடம்பு நல்லாத் தேறிச்சு. பொய் சொல்லப்படாது. நான் ஒரு புதுத் தைலம் வாங்கியாந்தேன், நாகர்கோவில் பக்கத்துலருந்து, அதுதான் புடிச்சுக்கிட்டுன்னு நெனைக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல நான் கெளம்புததுக்குள்ள செல்லக்கனிய வச்சுத் தலை சீவி, நல்ல சேலை உடுத்தி உக்காந்திருப்பா. கட்டில்ல போன் வைக்க ஒரு குட்டி ஸ்டாண்டு கூட வந்துட்டு, மஸ்கட்ல இருக்க எம்மவன் அனுப்பியிருப்பான். நான் திரும்பி வந்தா பாட்டு முணுமுணுப்பா. ஒரு விசயம், என்ன பாட்டுன்னு என்கிட்ட கேக்கத விட்டுட்டா. நிம்மதியாப் போச்சு எனக்கு. ரெண்டு இட்லி தின்னவ நாலு தின்னா.

இங்க கோயில்ல என் வேட்டை நடந்துக்கிட்டு இருக்கு. ஊருல எந்தெந்த வீட்டுல டச் போன் இருக்கோ எல்லா வீட்டுக்கும் போனேன். ஒரு வீடு பாக்கி இல்ல. "நீங்களா அடைக்கலான் குருவி?"ன்னு நேராக் கேக்க முடியுமா? ஸ்லைடு நல்லாருக்கான்னு பைய ஆரம்பிப்பேன். முகத்தப் பாப்பேன். எல்லா வீட்டுலயும் பாத்தேன், எங்க தெருவுல எங்க வீட்ட விட்டுட்டா மிச்சம் எட்டு வீடு, அதுலயும் பாத்தேன். ஒருத்தன் முகத்துலயும் அது இல்ல. அப்ப ஒண்ணுதான் மிச்சம். வாத்தியாரே பொய்ப்பேருல எழுதுதாரு, இல்ல அவரு மக எழுதுதா.

கமிட்டிக் கூட்டத்துல வச்சு எழுப்பிட்டேன். "யாருன்னு தெரியாத ஒரு ஆளு நம்ம சபைய வேவு பாக்கான். வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதுதான். இந்த லைவ நிறுத்தணும்"னேன். வாத்தியார், "ஓய், தூங்கினத எழுதினா வேவா?"ங்காரு. நான் அங்க வந்திருந்த பெனிட்டாவப் பாத்துக் கேட்டேன், "நீ சொல்லும்மா, உனக்குத் தெரியுமா தெரியாதா, அது யாரு?"

அவ தலையக் குனிஞ்சிக்கிட்டா. "தெரியும் அங்கிள். ஆனா சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

கேட்டீங்களா கதைய! கூட்டுக் களவாணித்தனம்! வாக்குக் குடுத்திருக்காளாம். அதுக்குமேல நான் விடல. பெஞ்சத் தட்டிட்டேன். "படுக்கைல கெடக்கவங்களுக்காகன்னு சொல்லித்தானே இத ஆரம்பிச்ச? எங்க வீட்டம்மா ரெண்டு வருஷமாப் படுக்கைல கெடக்கா. அவளே இத ஒரு நாள் கேட்டதில்ல. அவளுக்கே தேவைப்படாதது வேற எவனுக்குத் தேவை?"ன்னேன். அந்தப் பொண்ணு என்னையே பாத்தா. அப்புறம் அழுதுட்டு வெளிய போயிட்டா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

ஐயருக்குச் சண்டைன்னா ஆகாது. "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்போம், எல்லாரும் ஜெபிப்போம்"னுட்டாங்க. நான் ராஜினாமா பண்ணிருவேன்னு சொன்னதுதான் வேலை செஞ்சுது.

அந்த ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாலயே அவ வந்து வயரெல்லாம் சுருட்டுனா. தரையில ஒட்டின டேப்ப ஒவ்வொண்ணா உரிச்சா. கேமராவப் பையில வச்சு ஜிப்பப் போட்டா. நான் அன்னைக்கும் பக்கத்துலயே நின்னேன். ஆனா மறுநாளு பாருங்க, நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாறேன், எங்க வீட்டுலருந்து எறங்கி வாறா! கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. எனக்கு உடனே வெளங்கிட்டு. என்கிட்ட நடக்காதுன்னு எப்சிபாவக் கைக்குள்ள போட்டுக் காரியம் சாதிக்கப் பாக்கா. உள்ள போனதும் எப்சிபா கேக்கா:

"ஏங்க, அத நிறுத்தத்தான் வேணுமா?"

"நீ இதுல தலையிடாத. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்த ஆளு யாரா இருந்தா என்ன? கோயிலப் பாக்கத்தானே செய்யுது?"

"கோயிலப் பாக்கல. என்னையப் பாக்கு."

அவ என் முகத்தப் பாத்தா. "ஆமா. உங்களத்தான் பாக்கு"ன்னா. அவ்வளவுதான். சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா.

நான் ஜெயிச்சிட்டேன் தம்பி. குருவியாவது கிளியாவது, ஒண்ணையும் காணோம். முதல் பெஞ்சுல நிம்மதியா உக்காருதேன். ஆனா வீட்டுலதான் சரியில்ல. அந்தத் தைலம் திடீர்னு கேக்காமப் போயிட்டு. ஞாயித்துக்கிழமை தலை சீவுததில்ல. நாலு இட்லி ஒண்ணாச்சு, இப்ப அரையாச்சு. என்னம்மா செய்யுதுன்னா ஒண்ணுமில்லங்கா. சொவத்தப் பாத்தே படுத்திருக்கா. எனக்கு மருந்துக்கடைக்காரன் மேல சந்தேகம், மாத்திரைய மாத்திக் குடுத்திருப்பானோன்னு. செல்லக்கனி ஏதும் மனச நோகப் பேசிட்டாளான்னும் கேட்டேன். எனக்குப் பயமா இருக்கு தம்பி. சும்மா சொல்லல. நெசமாவே பயமா இருக்கு. அவ இல்லன்னா நான் என்ன செய்வேன்? நேத்து பூரா ஒரு வாய் கஞ்சி. அதான் பாளையங்கோட்டைல பெரிய டாக்டர்ட்ட கேட்டுட்டு வருவோம்னு கெளம்பிட்டேன்.

ரிப்போர்ட்டெல்லாம் அவ போன்லதான் இருக்கு, படம் புடிச்சு வச்சிருக்கோம். போனக் குடுன்னேன், குடுத்துட்டா. "இனிமே இது எனக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க"ன்னா. அவளுக்கு உயிரு அந்தப் போனு. மவன்ட்ட பேசுததே அதுலதான். அதையே வேண்டாங்கா, பாத்துக்கிடுங்க.

இன்னா, இதுதான். இதுலதான் யூடியூப்பு இருக்கு. எனக்குத் தொறக்கத் தெரியாது. தம்பி, நீங்க இந்தத் தொழில்காரரு. எங்க கோயிலு பேரப் போட்டா அந்தப் பழைய லைவெல்லாம் வரும். அதுல அந்தக் குருவி எழுதினது இருக்கும். அது யாருன்னு எனக்கு ஒரே ஒரு துப்பு குடுங்க, போதும். எலெக்சனுக்குள்ள நான் வாத்தியார நாலு பேரு முன்னால நிறுத்திருவேன். 

ஆமா, பாக்கியபுரம்னு போடுங்க. வந்துட்டா? அன்னா, அதுதான், கடைசி லைவு அது. அதுக்குக் கீழ... ஆமா, குருவிப் படம். புதுசா வேற எழுதியிருக்கா? லைவே இல்லையே, எப்ப எழுதினான்? குடுங்க, கண்ணாடி போட்டுக்கிடுதேன்.

"இன்னைக்கு லைவ் இல்லையா பெனிட்டா? வயர் எதுவும் கழண்டிருக்கான்னு பாரும்மா."

"மணி அடிச்சிட்டு. காத்துக்கிட்டு இருக்கேன்."

"முதல் பெஞ்சு ஐயா மேல கோவப்படாத பெனிட்டா. அவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம், ஆனா மனசுல ஒண்ணும் கெடையாது. ரெண்டு வருஷமா எனக்கு எல்லாம் அவங்க கையாலதான்."

இது என்ன தம்பி இப்படி எழுதியிருக்கான்... எனக்கு வக்காலத்து வாங்குதான். யாருன்னு பாத்துட்டீங்களா? இந்தப் போனு யாருதுன்னா கேக்கீங்க? சொன்னேன்லா, எம்பொண்டாட்டிதுன்னு. எப்சிபா போனு. மேல பாக்கணுமா? எங்க, இந்த மூலைலயா? அதே குருவிப் படம்தான். அது எதுக்கு இங்க இருக்கு?

என்னது? இந்தப் போன்ல இருந்துதானா?

இல்ல. இல்ல தம்பி, உங்களுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு லேசுப்பட்டவ இல்ல, வீட்டுக்கு வந்து போயிருக்கால்லா, இவ போன்ல பூந்து ஏதோ... இவளுக்கு எழுதத் தெரியுமா... தெரியும். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. ஆல்ட்டோ கேக்கலன்னு... ஆல்ட்டோன்னா... சட்டைய மடிச்சு வச்சதே அவதானே.

ஏசப்பா.

அவளா பாத்துக்கிட்டு இருந்தா? நான் எங்கெல்லாமோ தேடினேன் தம்பி. ஊரு பூராத் தேடினேன். கோயிலப் பாக்கணும் கோயிலப் பாக்கணும்னா. கோயில் பூரா அவ கையில இருந்துருக்கு. பீடம் தெரியும், பாடகர் குழு தெரியும், எல்லாம் தெரியும். அத்தனையும் விட்டுட்டு என்னையவா பாத்தா? தூங்குதேனா, சட்டை பிஞ்சிருக்கான்னு... நான்லா நிறுத்தினேன். பக்கத்துல நின்னு வயரச் சுருட்ட வச்சேன். அவகிட்டயே போயிச் சொன்னேன், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.

தம்பி, இதுல பதிலு எழுத முடியும்லா? எழுதுங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. இந்த ஞாயித்துக்கிழமை லைவ் வரும்னு போடுங்க. நான் வாத்தியார் வீட்டுக்குப் போயி அந்தப் பொண்ணு கால்ல வேணும்னாலும் விழுதேன், கண்டிப்பா வரும்னு போடுங்க. இல்ல, லைவும் வேண்டாம், நாற்காலில வச்சுத் தள்ளிட்டுப் போறேன், எவன் பாவம் பாத்தா எனக்கென்னன்னு போடுங்க. யாரு சொல்லுதான்னா முதல் பெஞ்சுன்னு போடுங்க, அவளுக்குத் தெரியும். போட்டுட்டீங்களா? அவ எப்பப் பாப்பா?

என் கையிலல்லா இருக்கு போனு.

அவகிட்ட ஒண்ணும் இல்லையே தம்பி. சொவத்தல்லா பாத்துக்கிட்டு கெடக்கா. நான் எறங்குதேன். டாக்டர அப்புறம் பாத்துக்கிடுதேன், அவர்ட்ட கேக்க என்ன இருக்கு. கொஞ்சம் கால மடக்குங்க. ஏய் கண்டக்டரு, விசில அடிப்பா! இங்க ஸ்டாப்பிங் இல்லன்னா என்ன, ஒரு மனுஷன் வீட்டுக்குப் போணும்லா, நிப்பாட்டச் சொல்லு வண்டிய!